அலெப்போ அளவையாளரின் பித்தளைக் கருவி

சுங்கத்துறை முத்திரை ஒட்டிய பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் பித்தளைக் கருவி எங்கள் மேசைக்கு வந்த காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. அப்பளம் அளவு வட்டம், ஆனால் கையில் எடுத்தால் நல்ல கனம். அஸ்ட்ரோலேப் என்பார்கள். நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்து நேரத்தையும் திசையையும் தொழுகை வேளையையும் கணிக்கும் கருவி. மேலே, நட்சத்திரங்களைக் கூர்முனைகளால் காட்டும் வலை போன்றதொரு தகடு. அரபியில் அதற்குச் சிலந்தி என்று பெயர். அதற்குக் கீழே ஊருக்கு ஒன்றாகக் கோடு வரைந்த தட்டுகள் அடுக்கியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் சிறிய ஆப்புக்குக் குதிரை என்று பெயர். சிலந்தியையும் குதிரையையும் இப்படி ஒரே இடத்தில் கட்டிவைத்தவர்கள் நிச்சயம் சுவையான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மன் எல்லையை ஒட்டிய பாசல் நகரில் உலோகங்களைச் சோதிக்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில் நான் வேதியியலாளர். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சம்பளம் தராவிட்டாலும் படுவேன் என்பது என் கணவரின் முறைப்பாடு. ட்ராமில் யாராவது முகம் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று இறங்கும்வரை யோசிக்கிற பிறவி நான். எங்கள் தலைவி என்னையும் மிஞ்சியவர். தலைவி என்பதற்கான ஜெர்மன் சொல்லால் நாங்கள் அவரைச் செஃபின் என்போம். பொருள் போலி என்று தெரிந்தால் அவருக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

கருவிக்கு உரியவர் சிரியாவின் அலெப்போவிலிருந்து அகதியாக வந்து ஃப்ரிபூர்க்கில் குடியிருந்த முதியவர். அங்கே நில அளவையாளராக இருந்தவர். ஜெர்மனியில் மகளைப் பார்த்துவிட்டு வரும்போது பாசல் ரயில் நிலையச் சுங்கத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். தாத்தாவுக்கும் முந்தியவர்கள் வைத்திருந்த பொருள் என்று அவர் சொல்ல, அதற்கு என்ன சான்று என்று இவர்கள் கேட்க, கருவி பறிபோயிற்று. ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள் அது.

செஃபின் முதலில் சோதித்தார். உடல் பாகத்தின் பித்தளை பழையது. சிலந்தியின் இடைவெளி வழியே தெரிந்த மேல் தட்டோ தொழிற்சாலையில் உருட்டிய இக்காலத்துத் தகடு. யாரோ ஒரு பழைய தாம்பாளத்தை உருக்குலைத்துச் செய்த போலி என்று தீர்மானித்துவிட்டார். “கோடுகளைப் பார், எவ்வளவு நுணுக்கம்! அந்தக் காலத்து ஆட்கள் கையால் வெட்டியதென்றால் யார் நம்புவது?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பக்தாதிலும் அலெப்போவிலும் கோர்தோபாவிலும் வானத்தை அளந்து அட்டவணை போட்டவர்களிடமிருந்துதான் ஐரோப்பா இந்தக் கருவியையே கற்றுக்கொண்டது. இன்றைக்கும் பாதி நட்சத்திரங்களை அவர்கள் வைத்த அரபுப் பெயரால்தான் கூப்பிடுகிறோம். ஆனாலும் வேலை சுத்தமாக இருந்தால் அதுவே குற்றம். எங்கள் ஊர் யுத்தத்துக்குத் தப்பி வந்த என் அப்பாவின் அகதி விசாரணையிலும் இதுதான் நடந்தது. தடுமாறிச் சொன்னபோது பொய் என்றார்கள். தெளிவாகச் சொன்னபோது பாடமாக்கிக்கொண்டு வந்ததென்றார்கள்.

எனக்கு அந்த முடிவின் மேலேயே சந்தேகம் விழுந்தது. ஊரை ஏமாற்ற நினைப்பவன், எல்லோர் கண்ணிலும் படும் மேல் தட்டையா புதுத் தகட்டில் செய்வான்? குதிரையைக் கழற்ற அனுமதி கேட்டு வாங்கினேன். உள்ளே இருந்த தட்டுகள் அலெப்போவுக்கு, மக்காவுக்கு, டமாஸ்கஸுக்கு, கெய்ரோவுக்கு என்று வெட்டியவை. எல்லாமே பழைய உலோகம். கோடுகள் நெருங்கியும் விலகியும் இருக்கும் விதத்தை அளந்தால் தட்டு எந்த அகலக்கோட்டுக்கு, அதாவது அட்சரேகைக்கு, உரியது என்று சொல்லிவிடலாம். மேல் தட்டை அளந்தேன். நாற்பத்தேழு பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்த அகலக்கோட்டில் மக்கா இல்லை, கெய்ரோ இல்லை. ஃப்ரிபூர்க் இருக்கிறது.

முதியவரை அழைத்தோம். கோட்டுப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய உடைந்த ஜெர்மனை என் தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்: “ஓம், அது நான் கணக்குப் போட்டு இங்க வெட்டுவிச்சதுதான். புது ஊருக்குப் போனால் அந்த ஊருக்கு ஒரு தட்டுச் சேர்க்கிறது எங்கட வழக்கம். டமாஸ்கஸ் தட்டும் அப்பிடி ஆரோ பிறகு சேர்த்ததுதான். இருக்கிற ஊரின்ர தட்டுத்தானே மேல இருக்கோணும்? இல்லாட்டி நேரம் எப்பிடிப் பாக்கிறது?”

இதை ஏன் சுங்கத்திலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “ஒருத்தரும் தட்டைப் பற்றிக் கேக்கேல்லையே” என்றார்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவே இல்லை. “அந்தாள் சரியாத்தான் செய்திருக்கிறார், பிள்ளை. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லோணும். ஒரு சொல்லுக் கூடக் கதைச்சாலும் அதுக்குள்ளயே பிழை பிடிப்பாங்கள். நாங்களெல்லாம் அப்பிடித்தானே அகதிக் காம்பில ஆளாளுக்குச் சொல்லிக் குடுத்தனாங்கள்” என்றார்.

கருவி உண்மையானது, பழையது, மேல் தட்டு மட்டும் உரியவர் பிற்பாடு சேர்த்தது என்று அறிக்கை எழுதினேன். செஃபின் நீண்ட நேரம் படித்துவிட்டு ஒப்பமிட்டார். எனக்கு உள்ளூர ஒரே பெருமை. ஒரு மனிதனின் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், ஆயிரம் ஆண்டுக் கைவேலைக்குரிய மரியாதையையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. போலிக்கு யாரும் சொந்தம் கொண்டாட வரமாட்டார்கள். ஆனால் உண்மையான தொல்பொருள் என்றால் சட்டம் வேறு. போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த பொருள், ஏதாவது அருங்காட்சியகத்தில் திருடியதாக இருக்கலாம், குடும்பச் சொத்தென்றால் தாள் காட்டட்டும் என்றார்கள் அதிகாரிகள். தாள் வீட்டோடு எரிந்துபோயிற்று என்றார் அவர். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. ஒரு சந்தேகத்தை நான் மூடிய இடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதை மூட எங்கள் ஆய்வுகூடத்தில் கருவி இல்லை.

உரியவருடையதென்று ஐயமின்றித் தெரியும் பாகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அந்த மேல் தட்டை வாங்கிக்கொள்ள முதியவர் எங்களிடம் வந்தார். நானே உறையில் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், எதற்கென்று கேட்பது? உண்மையைச் சொன்னதற்கா? அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“போலி எண்டு விட்டிருந்தால் வீட்டுக்குக் கொண்டு போயிருப்பன்” என்று மட்டும் சொன்னார். குத்திக் காட்டும் குரல் இல்லை. நிலத்தை அளந்து சொல்பவரின் குரல்தான்.

கருவி இன்றும் பெர்னில் ஓர் அரசுக் காப்பறையில் இருக்கிறது. நட்சத்திரங்கள் எல்லாம் சிலந்தியில் இருப்பதால் தனித் தட்டை வைத்து நேரம் பார்க்க முடியாது. இப்போதெல்லாம் உண்மையானது என்று ஓர் அறிக்கையில் எழுதுமுன், இதனால் யாருக்கு என்ன வரும் என்று ஒரு முறை யோசிக்கிறேன். பிறகு எழுதத்தான் செய்கிறேன், வேறு வழி தெரியவில்லை.

அன்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். உறையிலிருந்து ஃப்ரிபூர்க் தட்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“பிள்ளை, இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து நான் சொன்னதில இது ஒண்டைத்தான் நம்பியிருக்கிறாங்கள்.”