மடக்குக் கத்திக்கு ஒரு ஆணி

2008இல் நான் எட்டாம் வகுப்பு. பல்லுக்குக் கம்பி போட்டிருந்ததால் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கடலூரிலிருந்து சிதம்பரம் பல் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார். அவர் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார்.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு முற்றி, அம்மாவின் தம்பியான என் மாமா எல்லோர் முன்னாலும் அப்பாவை அறைந்துவிட்டார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்து வந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தார். உள்ளே இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு ஒன்று, உடைந்தது. ஒரு பக்கம் கூராகத் தீட்டியிருந்தது. கூடவே இரண்டு தேக்குத் துண்டுகள், உப்புத்தாள்.

“மடக்குக் கத்தி செய்யலாம், பாப்பா. கட்டைய நீ தேய். அம்மாகிட்ட சொல்லாத.”

“எதுக்குப்பா கத்தி?”

“சும்மாதான்.”

பட்டறையில் அரை மணியில் முடிகிற வேலை. அதை ஏன் ஓடுகிற பஸ்ஸில் செய்ய வேண்டும்?

கண்டக்டர் அவர் மடியைப் பார்த்து, “இன்னா சார், கத்தியா?” என்றார்.

“பழம் அறுக்க” என்று சிரித்தார் அப்பா. என்னிடம் சும்மா, அவரிடம் பழம்.

மாமா வீடு சிதம்பரத்தில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அந்தத் தெரு வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். முன்பெல்லாம் அந்த வழியில் வந்ததில்லை.

மூன்றாவது பயணத்தில் கட்டைகள் வழவழப்பாகிவிட்டன. பிளேடு நுனியில் இருந்த துளையில் பித்தளை ஆணியைச் செருகி, கட்டைகளோடு சேர்த்து அடித்துவிட்டால் கத்தி தயார். ஆணியை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். புதுச்சத்திரம் தாண்டும்போது அதை ஜன்னல் வழியே போட்டுவிட்டேன்.

“ஏன் போட்ட?”

“மாமாவ குத்தப் போறியா?”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா துணியை இழுத்துப் பிளேடை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த நெனப்புலதான் தீட்டுனேன். பட்டறையிலயே வச்சிருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பேன். அதான் உன் கையில குடுத்தேன். நீ தேய்ச்சத எடுத்துகினு நான் எங்க போவ முடியும்?” என்றார்.

“இப்ப?”

“கோவம் இன்னும் போவல, பாப்பா.”

எல்லாவற்றையும் துணியில் சுருட்டி என் பையில் வைத்தார். “நான் கேட்டாலும் குடுக்காத.”

அவர் கேட்கவே இல்லை. மாசியில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, “தப்புதான் மாமா” என்று வாசலிலேயே நின்றார். “உள்ள வா மச்சான்” என்றார் அப்பா. இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு புது ஆணியை எடுத்து, “இப்ப நெஜமாவே பழம் அறுக்கத்தான், பாப்பா” என்றார். துணியை வெளியே எடுக்க எனக்கு மனசே வரவில்லை. கடைசியில் அவர் கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்க, நானே ஒரு கல்லால் ஆணியை அடித்தேன். கத்தி கொஞ்சம் இறுக்கமாகத்தான் மடங்கியது.