ஆதம்பாவா காக்காவின் நாலாவது போல்ட்

கல்முனையில் கடைகள் பூட்டும் வெள்ளிக்கிழமைதான் எனக்கும் ஓய்வு. பாண்டிருப்பில் வெல்டிங் கடை வைத்திருக்கிறவனுக்குக் கிழமையில் கிடைக்கிற அந்த ஒரு நாளையும் ஆதம்பாவா காக்கா தின்றுவிட்டார். ஜும்ஆ முடிந்த கையோடு போனில் கோல் எடுத்தார்.

"சசி, ரெண்டு போல்ட் முறிஞ்சி போச்சி. வெல்டிங் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடி வா மனே."

"முறிஞ்சிதா, முறிச்சீங்களா?"

போனை வைத்துவிட்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. லொறி பிரேக்கின் துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் ஸ்பெனரில் நீளப் பைப்பைக் கொளுவி, அதில் ஏறி நின்றிருக்கிறார்.

சாய்ந்தமருதில் அவரைத் தெரியாதவர் குறைவு; எல்லாருக்கும் அவர் காக்கா, அண்ணன் முறை. சைக்கிளில் மீன் பெட்டி கட்டி விற்கத் தொடங்கியவர், பிறகு மோட்டார் சைக்கிள், கடைசியில் இந்தச் சின்ன லொறி. பொத்துவிலில் மீன் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவருவார். கொண்டுவந்து இறக்கியதும் லொறியை உப்புத் தண்ணிக் களப்புக்குள் இறக்கிக் கழுவுவார். "கிணத்துத் தண்ணியால கழுவுங்க" என்று அவர் மனைவி, எனக்கு அக்கா முறையான நதீரா ராத்தா, சொல்லாத நாளில்லை. மீன் ஐஸ் தண்ணியும் களப்புத் தண்ணியும் சேர்ந்து போல்ட்டைத் தின்னாமல் வேறென்ன செய்யும்?

ரெண்டு வருசத்துக்கு முந்தி மாவடிப்பள்ளியில் பிரேக் பிடிக்காமல் லொறி வயலுக்குள் பாய்ந்தது. முன் சீற்றில் இருந்த நதீரா ராத்தாவுக்குக் கை முறிந்தது. அன்றிலிருந்து அவர் அந்த லொறியில் ஏறவில்லை. பொத்துவிலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு பஸ்ஸில்தான் போவார். காக்கா என்ன செய்வார் தெரியுமா? வெறும் லொறியை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸின் பின்னாலேயே போவார். பஸ் நிற்கிற இடமெல்லாம் இவரும் நிற்பார். சனம் சிரிக்கும், அவர் கண்டுகொள்ள மாட்டார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு பாவமாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கு மறுநாள் பொத்துவிலில் அந்தத் தங்கச்சி மகளின் கலியாணம். இந்தமுறை மனைவியை லொறியில்தான் கூட்டிப்போவேன் என்று ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதற்காகத்தான் பழைய ட்ரம் பிரேக்கைக் கழற்றி, வேறொரு லொறியில் கழற்றிய டிஸ்க் பிரேக்கைப் பூட்டுகிற வேலை. நான் பெட்டியோடு அவர் வீட்டு வளவுக்குப் போனபோது ஒரு பக்கம் முடிந்திருந்தது. மற்றப் பக்கத்தில் டயரும் சில்லுமாகக் கழற்றி லொறியைக் கல்லில் ஏற்றியிருந்தார்; அங்கே நாலு போல்ட்டில் ரெண்டின் தலை முறிந்து, உடம்பு ஓட்டைக்குள்ளேயே நின்றது. அதை எடுக்காமல் புதுசைப் பூட்ட ஏலாது.

முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நடு ஓட்டைக்குள்ளால் வெல்டிங் பிடிக்க வேண்டும். அந்தச் சூட்டோடு ஸ்பெனரைப் போட்டு மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். முதல் துண்டு நல்ல பிள்ளையாக வந்தது. அந்தச் சந்தோசத்தில் நான் வாயைக் கொடுத்தேன்.

"ராத்தா, இனி நல்ல பிரேக். நாளைக்கு ஏறுவீங்கதானே?"

குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பிரேக்குக்குப் பயந்தா நான் ஏறாம இரிக்கன்? அண்டைக்கு வயலுக்குள்ள பாஞ்சதும் இந்த மனிசன் இறங்கிப் போய் முதல்ல சில்லத்தான் பாத்தாரு. நான் கையப் புடிச்சிக்கிட்டு உள்ளுக்கே இரிந்தன்."

காக்காவின் முகம் செத்துப்போயிற்று. இதுதான் காரணமென்று ரெண்டு வருசமாக அவருக்குத் தெரியாது.

"நீ கத்தல்லியே, நதீரா."

"கத்தினாத்தான் பாப்பீங்களா?"

காக்கா தலையைக் குனிந்துகொண்டு சில்லு கழற்றிய பக்கம் போய்க் குந்தினார். எனக்கு என் வாயிலேயே ரெண்டு போடலாம் போலிருந்தது.

மற்றத் துண்டு, அந்த நாலாவது போல்ட், சனியன். ரெண்டு நட் வைத்தேன், ரெண்டும் பிய்ந்து விழுந்தன. மூன்றாவதை வைத்து வெல்டிங் பிடித்ததும், காக்கா ஸ்பெனரைப் போட்டு மூச்சைப் பிடித்து இழுத்தார்.

"கிறுகுது மனே! கிறுகுது!"

"உடாதீங்க காக்கா! சூடு ஆறினா திரும்ப இறுகிடும்!"

அரைச் சுற்றுக் கிறுகியிருக்கும். அந்த நேரம் பார்த்து ராத்தா வெறுங்காலோடு கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்தார். சற்று முன் பிய்ந்து விழுந்த நட் சூடு ஆறாமல் மண்ணில் கிடந்தது. அதில் காலை வைத்துவிட்டார். கத்தவில்லை. "ஸ்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. சில்லு மறைவுக்குள் தலையை விட்டிருந்த மனிதருக்குக் கேட்டது. ஸ்பெனரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

"காக்கா! போல்ட்!"

யார் கேட்டது? மனைவியைக் கல்லில் இருத்தி, காலைத் தன் மடியில் வைத்து, வாளித் தண்ணீரைக் கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினார். "யா அல்லாஹ், எரியிதா? இன்னம் எரியிதா?" நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் ஸ்பெனரை இழுத்தேன். டக்கென்று மூன்றாவது நட்டும் பிய்ந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நல்லாரிக்கி! மூணு மணித்தியாலம் மினக்கெட்டு எல்லாம் வீண்! இனி முதல்லயிருந்து தொடங்கோணும்!"

ராத்தா காலை எடுக்கவில்லை. புருசனின் நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு பக்கம் சில்லே இல்லாமல் கல்லில் ஏறி நின்ற லொறியைப் பார்த்தார்.

"தம்பி சசி, கத்தாம ஒரு வேல செய்யிங்க. முன் சீற்றுல கிடக்கிற கயிறு, சாக்கெல்லாம் எடுத்துப் பின்னால போடுங்க. நாளைக்கி நான் எங்க இரிக்கிற?"

நான் கயிற்றையும் சாக்கையும் எடுத்துப் பின்னால் போட்டேன். பிறகு பெட்டியில் நாலாவது நட்டைத் தேடினேன்.