யானையை அழைத்தவள்

கல்லாவியில் பிறந்து வளர்ந்த ராஜாத்திக்கு யானை என்றால் எப்போதாவது தெருவில் வாழைப்பழம் வாங்க வரும் கோயில் யானைதான். கல்யாணமாகித் தளிப் பக்கத்துக் காட்டோர ஊருக்கு வந்த பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. அங்கே ராகி கதிர் பிடித்துவிட்டால் அறுவடை முடியும்வரை யாரும் யானை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாமி என்பார்கள். பெயர் சொன்னால் வந்துவிடுமாம். அவளோ கவிதையே எழுதினாள்: ‘யானையே, என் வயலுக்கு வா. உனக்கும் சேர்த்துத்தான் விளைந்திருக்கிறது.’ ஓசூர் இலக்கியக் கூட்டங்களில் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அடுத்த கார்த்திகையில், காவலுக்குப் போன அவள் கணவன் ஆஞ்சப்பனை யானை மிதித்துக் கொன்றது. பிணத்தருகே மாமியார் வெள்ளையம்மா ஒன்றுதான் கேட்டாள்: “நீதானேடி கூப்ட்ட?”

அதன்பின் இரண்டு வருடம், ஒரே வீட்டில் இருந்தும் அவள் மருமகளிடம் பேசவில்லை. ராஜாத்தி வால்வு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். எழுதுவதை விட்டிருந்தாள்.

இந்தக் கார்த்திகையில் ஓசூர் இலக்கியச் சங்கத்தார் மறுபடி மேடைக்கு அழைத்தார்கள்.

“மேடம், யானைக் கவிதைதான் வேணும். எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க,” என்றார் சங்கச் செயலாளர் ஹரீஷ்குமார்.

கதவருகே வெள்ளையம்மா நிற்பதை ராஜாத்தி அப்போதுதான் பார்த்தாள். கூட்டி வந்திருந்த கொழுந்தன் ராமப்பன் மேடையோரம் வந்து குனிந்தான்.

“அண்ணி, இன்னிக்கு ராத்திரி வயல் பரண்ல நான்தான் காவல். மறுபடி கூப்ட்டா நீங்க ஊட்டுக்கே வர வேணாமாம். அம்மா சொல்லச் சொல்லுச்சு.”

“நீ என்ன சொல்ற?”

“நான் பஸ்ஸுலயே ரெண்டு தேங்கா நேந்துகிட்டேன்.”

ராஜாத்தி மைக் முன் நின்றாள். பழைய கவிதை மனப்பாடம்தான். ஆனால் கையில் இருந்தது போன வாரம் கம்பெனி கேன்டீனில் எழுதிய தாள். யாரிடமும் அதைக் காட்டியதில்லை. அதையே விரித்துப் படித்தாள்.

‘ராகித் தாளில் ஒரு தடம்.
அகலம் ஒரு முழம்.
அதில் தண்ணீர் நின்றது.
தள்ளி ஒரு டார்ச்,
எரிந்துகொண்டே கிடந்தது.
அருகில் ஒரு செருப்பு.
கூப்பிட்டேன்.
அவரை மட்டும்.’

யாரும் கை தட்டவில்லை. ஹரீஷ்குமார் முகம் தொங்கிவிட்டது. வெள்ளையம்மா நாற்காலிகளுக்கு நடுவே நேராக மேடையை நோக்கி நடந்து வந்தாள். ராமப்பன் தடுக்கப் போய், பயந்து கையை இழுத்துக்கொண்டான்.

“செருப்பு ஒண்ணு இல்ல,” என்றாள். “ரெண்டும் கெடந்துச்சு. நீ வர்றதுக்குள்ள ஒண்ண நான் மடியில கட்டிக்கிட்டேன்.”

ராஜாத்தி மேடையிலிருந்து அவள் பக்கம் குனிந்தாள்.

“எந்தக் கால்து, அத்தை?”

“வலது. எழுதிக்கோ.”