துண்டை விலக்கி விலை கேட்ட அக்கா

பாகலூரை அடுத்த சிற்றூரில் பிறந்து, மகனையும் பேரக்குழந்தைகளையும் கண்டு, சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்த எங்கள் அக்காவின் நினைவு மலர் இது. கையில் ஏந்தும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அழுதுகொண்டே எழுத வேண்டிய கட்டுரைதான். ஆனால் அக்காவை நினைத்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது, என்ன செய்வேன்!

ஓசூருக்கு ஆலைகள் வராத காலம், அறுபதுகளின் கடைசி. கேழ்வரகும் கொள்ளுமாக இருந்த எங்கள் கொல்லையில் பாதிக்குப் பட்டுப்புழு வளர்க்க மல்பெரி நடும்படி அப்பாவை நச்சரித்தவர் அக்காதான்.

"மொதக் கூடு நல்ல வெலைக்குப் போவலேன்னா அத்தன செடியும் புடுங்கிருவேன்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புழுக்கள் கூடு கட்டி முடித்த சமயம் பார்த்து அப்பா காய்ச்சலில் விழுந்தார். நாள் கடத்தினால் பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நூல் எடுக்க முடியாது. கூடைகளை பஸ் கூரையில் ஏற்றி, மாநில எல்லைக்கு அந்தப்புறம் இருந்த பட்டுக்கூட்டுச் சந்தைக்கு அக்காவும் நானுமே கிளம்பினோம்.

அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விற்பவரின் விரல்களைப் பிடித்துக் காட்டுவார் தரகர். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மாட்டுச் சந்தையில் அப்பா அப்படிச் செய்வதைப் பார்த்திருந்த அக்கா, யோசிக்காமல் தம் கையைத் துண்டுக்குள் நீட்டிவிட்டார். ஐயோ, சந்தையே சிரித்தது!

"பொம்பளப் புள்ள கையப் புடிச்சா வெல பேசறது? போம்மா, ஊட்ல ஆம்பளைய இட்டுகினு வா!" என்றார் தரகர்.

"ஆம்பள வர்றதுக்குள்ள பூச்சி வந்துரும் சாமி! கையி வேணாம், வாயத் தொறந்து சொல்லு!"

துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டுவிட்டு, கூட்டை அள்ளிக் காட்டி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மாற்றி மாற்றிக் கூவினார் அக்கா. ஒரு வியாபாரி வேண்டாவெறுப்பாக ஒரு விலை சொன்னார். அது காதில் விழுந்ததும் அடுத்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏறியது பாருங்கள் விலை! பக்கத்துக் குடியானவர்களும், "எங்களுக்கும் வாய்லயே சொல்லுப்பா" என்று பிடித்துக்கொண்டார்கள்.

"சந்தையில கத்துனியாமே?" என்று முறைத்த அப்பா, விலையைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அடுத்த மழைக்கு மீதிக் கொல்லையிலும் மல்பெரி நட்டார்.

இளவயதிலேயே கணவரை இழந்தும் அக்கா புழு வளர்ப்பை விடவில்லை. தம்பிகளைப் படிக்கவைத்து, பின்னால் வந்த ஆலைகளில் வேலைக்கும் அனுப்பினார்.

படுக்கையில் கிடந்த அவரைத் தாயாய்ப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், துக்கத்தில் உடன் நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

புழுக்கள் மட்டுமா, அந்த இலையில் நாங்கள் எல்லோருமே வளர்ந்தோம், அக்கா.