நோட்டுல இன்னா கீது?

நாலு மிளகாயை நீட்டினால் நாலையும் கிள்ளி மோந்து பார்ப்பவள் நான். அதற்கப்புறமும் கொடுத்தவரை நம்ப மாட்டேன். மிஷினில் அரைக்கப் போனால், முன்னால் அரைத்தவர்களின் தூள் என்னுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்லி, மாவு வெள்ளையாக விழும்வரை நகர மாட்டேன். இந்தக் குணத்தால்தான் என் குழம்புத்தூள் உத்திரமேரூர் கடைகளில் விலை போனது.

கவரில் ‘உத்திரமேரூர் குழம்புத்தூள்’ என்று அச்சடித்திருந்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என்னை வழிமறித்தாள்.

"உன் தூளப் போட்டு கொயம்பு வெச்சா நாக்குல நறநறன்னு கீது. செங்கல்ல அரைச்சியா?"

அவள் பையிலிருந்த கவரை வாங்கிப் பார்த்தேன். அதே பேர், அதே சிவப்பு எழுத்து. உள்ளே இருந்த தூள் என்னுடையதில்லை.

இந்தப் பேரை வேறு யாரும் போடாதபடி பதிவு பண்ண, காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினேன்.

"ஊர் பேரும் பொருள் பேரும் எல்லாருக்கும் பொது. உங்களுக்கு மட்டும்னு பதிவு பண்ணித் தர மாட்டாங்க. பொருளுக்கு ஒட்டாத, வேற யாரும் வைக்காத பேரா கொண்டு வாங்க" என்றார்.

ஒட்டாத பேர் வைத்தால் எவள் வாங்குவாள்? அந்தப் போலிக்காரன் இவரையும் கையில் போட்டுக்கொண்டானோ என்று எனக்குப் புத்தி ஓடியது.

ஒரு நோட்டு வாங்கிப் பேர்களை எழுதினேன். ‘காரசாரம்’ என்றால் அது தூளின் குணம், பதிவில் நிற்காது என்றார் வக்கீலம்மா. அம்மன் பேராகப் பார்த்தால், ஒரு அம்மனையும் மற்றவர்கள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஏறுகிறவர்களிடமெல்லாம் வீட்டு விஷயத்தை இறக்கி வைத்துவிட்டு வருகிற மனிதர். கவர் அச்சடிக்கிறவர் வேறு அவருக்குக் கூட்டாளி. என் தூளின் பேர் இவர் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, புதுப் பேராவது தப்பட்டும் என்று நோட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

ஒரு காலையில் உலை வைக்க அரிசி எடுத்தவர் கையில் நோட்டு தட்டுப்பட்டது. பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாமே, அதுல இன்னா கீது?"

"உனுக்கு எதுக்குயா? ஒரு பேர வித்தது போதாதா?"

அவர் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கடையில் என் கவரைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்? அடுத்த வாரம் ஒரு துண்டுச் சீட்டில் ‘இன்னாகீது’ என்று எழுதி வக்கீலம்மாவிடம் நீட்டினேன். சிரித்தார். தேடிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பேரை யாரும் வைக்கவில்லை, விண்ணப்பம் போடலாம் என்றார். யாரிடமும் சொல்ல மாட்டீர்களே என்று இரண்டு தரம் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன்.

புதுக் கவர் அடிக்க அச்சுக்கடைக்குப் போனேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர்கள் பார்த்துப் பிடித்ததைச் சொல்வதற்காக வைத்த மாதிரிகளுக்கு நடுவில், என் பழைய கவர் இருந்தது. எவனோ அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்டு அடித்துக்கொண்டு போனானாம். நாலு பேர் பார்க்கட்டும் என்று பெருமையாக அதை அங்கே வைக்கச் சொன்னவள் நான்தான்.

புதுக் கவர் அடித்து வந்ததும் ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது நான் கேட்டதாச்சே. நீ இன்னும் பதிலே சொல்லலியேமே."

டிரம்மிலிருந்து நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கோடு போட்டு அடித்த பேர்களைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

"ஒண்ணுமே இல்ல" என்றார். "இதுக்கா என்னத் திருடனாக்கின?"