அக்காவின் பெயருக்கு முன்னால் போடாத பட்டம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரை வாங்கியதும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் முதலில் அட்டையைத்தான் பார்ப்பீர்கள். அக்காவின் படத்துக்குக் கீழே பெயர் மட்டும் இருக்கும். சென்ற ஆண்டு சந்தியில் கட்டிய அஞ்சலிப் பதாகையில் இருந்த "சட்டத்தரணி (ஜேர்மனி)" என்ற சொற்கள் இதில் இல்லை. அச்சகத்தார் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், எடுக்கச் சொன்னது நான்தான். ஏன் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இனிக் கிழிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறையொன்றில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அவருக்கு ஏழு வயது இளையவன் நான். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. அதைத் திருத்த அவர் எத்தனை அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அக்கா சிங்களம் நன்றாகப் பேசுவார் என்பதால் அவரும் கூடவே போவார். ஒரு நாள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எழுதுறவங்க உள்ள குந்தியிருக்காங்க, நாம வெளிய நிக்கிறோம். ஒரு நாளைக்கு நா உள்ள போய்ப் பாக்கணும்ப்பா" என்றார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

உயர்தரப் பரீட்சையில் சட்டபீடத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போனது. அக்கா அழுது ஓய்ந்து, கண்டியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வந்த ஜேர்மன் பயணிகளுக்காகவே அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினார். பிறகு பிள்ளை பார்க்கும் வேலைக்கு அந்த நாட்டுக்கே போனார். மொழிப் பரீட்சைகளை முடித்து, ஒரு வருட ஆயத்தப் படிப்பையும் முடித்து, கடைசியில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்புக்குள்ளேயே நுழைந்தார். "ஜேர்மன்காரன் சட்டத்த படிச்சிட்டு இங்க வந்து என்னாக்கா செய்யப் போறீங்க?" என்று தொலைபேசியில் கிண்டல் செய்தேன். "தெரியலடா. ஆனா இங்க என்னைய உள்ள விட்டுட்டாங்க" என்றார்.

அந்தப் படிப்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கதை போலத்தான் இருக்கும். அவர்களுடைய சிவில் சட்டக்கோவையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள். கடையில் ஓர் இறாத்தல் பாண் வாங்கினால் நமக்கு அது ஒரு கொடுக்கல் வாங்கல். அங்கே மூன்று ஒப்பந்தங்களாம்: தருகிறேன் வாங்குகிறேன் என்ற பேச்சு ஒன்று, பாண் கைமாறுவது ஒன்று, காசு கைமாறுவது ஒன்று. "அதான் அங்க எல்லாரும் மெலிஞ்சு கெடக்கான், பாண் வாங்குறதுக்குள்ள பசி போயிரும்" என்றார் அப்பா. அக்கா தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு முதல் இரண்டு வருடங்களோடு சரி. ஜேர்மன் வசனத்தில் வினைச்சொல் பல இடங்களில் நம் தமிழைப் போலக் கடைசியில்தான் வருமாம். அது தனக்குப் பழக்கம் என்பார். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து வரி ஓடிவிடும். கூடப் படித்தவர்கள் ஒரு முறை வாசிப்பதை இவர் மூன்று முறை வாசிக்க வேண்டும். செலவுக்காக ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்தார். அங்கே சட்டப் புத்தகங்கள் தைத்தவை அல்ல, கோர்த்தவை. சட்டம் மாறும்போதெல்லாம் பழைய தாள்களைக் கழற்றிப் புதிய தாள்களைச் செருக வேண்டும். அந்த வேலையை ஐந்து வருடங்கள் செய்தார். "கண்ண மூடுனாலும் தாள்தான் தெரியுது தம்பி" என்பார். நான் அதைப் பெருமையாக ஊரில் சொல்லித் திரிந்தேன்.

கடைசியில் அரசாங்கப் பரீட்சை. ஒரு நீண்ட சம்பவத்தைக் கொடுப்பார்கள். யார் யாரிடம் எதை எந்தப் பிரிவின்படி கேட்கலாம் என்று ஐந்து மணிநேரம் எழுத வேண்டும். இப்படிப் பல தாள்கள். அதில் இரண்டு முறை தோற்றால் அந்த நாட்டில் வேறெங்கும் மீண்டும் எழுத முடியாது. அதுவரை படித்த வருடங்களுக்கு ஒரு பட்டமும் மிஞ்சாது. அக்கா முதல் முறை தோற்றார். ஒரு வருடம் கழித்து மறுபடி எழுதினார்.

அப்போது நான் கலஹா பஜாரில் தொலைபேசியும் போட்டோகொப்பி இயந்திரமும் உள்ள சிறிய கடை வைத்திருந்தேன். அந்தக் கடைக்குத்தான் அக்கா அழைத்தார். "தம்பி, இல்லடா. முடிஞ்சிருச்சு. நா வீட்டுக்கு வாறேன்" என்றார். குரலில் அழுகை இல்லை. பாரம் தூக்கி வந்து இறக்கியவர் பேசுவது போலப் பேசினார். அப்பா அன்று நெஞ்சு வருத்தத்தோடு வைத்தியசாலையில் இருந்தார். மாலையில் பார்க்கப் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். "பாஸ்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அப்பா அதை வார்டு முழுக்கச் சொன்னார், வீட்டுக்கு வந்ததும் தோட்டம் முழுக்கச் சொன்னார். அக்கா வந்து இறங்கிய அன்று கோயிலடியில் மாலையோடு ஒரு கூட்டம் நின்றது. ஒலிபெருக்கியில் "நமது மண்ணின் முதல் ஜேர்மன் சட்டத்தரணி" என்றார்கள். மாலை விழுந்த கழுத்தோடு அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வீட்டின் பின்கோடியில் வைத்து, "என்னாடா செஞ்சு வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். அப்பாவின் உடம்பு தேறும்வரை பொறுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் அக்கா நம்மோடு இருந்தார். குண்டசாலையில் ஒரு அறை எடுத்து, ஜேர்மனிக்கு வேலைக்குப் போகும் தாதிமாருக்கு மொழி படிப்பித்தார். கல்யாணம் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். சனி ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறிக் கலஹாவுக்கு வந்து என் கடையில் ஒரு கதிரையில் உட்காருவார். பிறப்புப் பதிவில் பெயர் பிழைத்தவர்கள், ஊழியர் சேமலாப நிதிக்கு அலைபவர்கள், லயத்து அறை யாருக்கு என்று அண்ணன் தம்பி முறுகிக்கொண்டவர்கள் எல்லாரும் வருவார்கள். "யாரு, யாருகிட்ட, என்னாத்த, எத வச்சுக் கேக்குறீங்க?" என்று கேட்டு, பொறுமையாக எழுதிக்கொண்டு, படிவம் நிரப்பிக் கொடுப்பார். ஒருவரிடமும் காசுக்குக் கைநீட்டியதில்லை. எந்தக் காகிதத்திலும் சட்டத்தரணி என்று ஒப்பமிட்டதுமில்லை.

"நா லோயர் இல்லீங்க" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். வாயால் சொன்னது போதாதென்று மேசையில் எழுதியும் வைத்தார். யாரும் நம்பவில்லை. "எம்புட்டு படிச்சும் எப்புடி அடக்கமா இருக்கு பாரு" என்றுதான் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அவருடைய மதிப்பு ஏறியது. அதைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன் என்பதை இன்று எழுதக் கூசுகிறது.

ஒரு முறை தோட்டத்துப் பெரியவர் ஒருவரை அறையைவிட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. வழக்கு கண்டியில். அக்கா தனக்குத் தெரிந்த நல்ல சட்டத்தரணி ஒருவரை ஏற்பாடு செய்து, பெரியவரையும் கூட்டிப் போனார். வழக்குக் கூப்பிட்டபோது பெரியவர் அக்காவின் கையை விடவில்லை. "நீங்க வாங்கம்மா. நீங்க இல்லாட்டி நா பேச மாட்டேன்" என்றாராம். அக்கா பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்திருக்க, பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். பெரியவருக்கு அறை மிஞ்சியது. ஆனால் அக்கா கடைக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "அவரு நம்புன மாதிரி என்னைய யாரும் நம்பக் கூடாதுடா" என்றார்.

ஒவ்வொரு வருடமும் ஒரு முறையாவது, "தம்பி, இப்ப சொல்லீரலாமா?" என்று கேட்பார். அப்பா இருக்கட்டும் என்றேன். அப்பா போனார். என் கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், எங்க மாமி லோயர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள் என்றேன். எனக்குக் காரணங்கள் தீரவே இல்லை. "சரிடா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளின் காகிதத்தை எடுப்பார்.

நோய் ஏழு மாதம். கடைசி வாரத்தில் வைத்தியசாலைக் கட்டிலில் படுத்தபடி, "மலர் ஒண்ணு போடுவீங்கதானே. அதுல அந்தப் பட்டத்த போட்றாத" என்றார். சரி என்றேன். ஆனால் அவர் போன மறுநாளே பதாகை வந்துவிட்டது. நான் அதன் கீழே நின்று வந்தவர்களைக் கும்பிட்டேன்.

இந்த முறை நான் பட்டத்தை எடுக்கச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம். "செத்தவளுக்கு இருக்குற ஒரு பேரையும் ஏண்டா புடுங்குற?" என்றார். அந்தப் பேர் அக்கா கேட்டதல்ல சித்தப்பா. ஆகவே அனைவர் முன்னிலையிலும் எழுதுகிறேன்: அக்கா ஜேர்மனியில் சட்டம் படித்தார், அந்த மொழியிலேயே படித்தார், பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். தேறினார் என்று சொன்னது நான். அவரை லோயர் என்று நம்பி வந்த எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் ஒருவனே.

அக்காவை ஒரு பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட வார்டுத் தாதிமாருக்கும், வாரந்தோறும் வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கிய குண்டசாலை முச்சக்கர வண்டிக்காரத் தம்பிக்கும், சிகிச்சைக் காலத்தில் தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய அக்குறணை நானாவின் வீட்டாருக்கும், ஜேர்மனியிலிருந்து அழைத்து அழுத அவருடைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைக்குக் காகிதத்தோடு வந்தவர்களுக்கும் நன்றி. நீங்கள் வந்ததால்தான் அவர் படித்தது வீணாகவில்லை.

கட்டுரை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கும் இது புதிய செய்தி, தாங்குவாரோ என்று பயந்து பயந்துதான் வாசித்தேன். அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்த மூணாம் நாளே அவ எங்ககிட்ட சொல்லீட்டாடா" என்றார். "ஒங்கப்பாதான், தம்பி பொய் சொன்னது நமக்குத் தெரியும்னு காட்டிக்க வேணாம், அவனே சொல்லட்டும்னு சொன்னாரு."

அப்படியானால் அக்கா ஏன் வருடாவருடம் என்னிடம் அனுமதி கேட்டார் என்று கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்காகவாடா கேட்டா?"

— தம்பி