செவ்வாய்க்கிழமைத் தூளி

மருதாளுக்கு ஓட்டையை மறைக்கிற வேலை. பனியன் மிஷினில் ஓர் ஊசி முறிந்தால் துணியில் ஒரு கண்ணி நழுவும். அது நழுவினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக விட்டுப்போய், ஏணி வைத்தாற்போல ஒரு கோடு விழும். நழுவிய கண்ணிகளைக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, உச்சியில் ஒற்றை இழையால் முடிந்துவிட வேண்டும். மருதாள் முடிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று கம்பெனியில் பேச்சு.

மங்கலத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். வீரபாண்டிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் பனியன் துணியைக் கையால் தொட்டாள். கணவன் கன்னையனுக்குப் பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் வேலை. எந்நேரமும் தொட்டித் தண்ணீரில் நின்று, அவன் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், தெய்வாத்தாள். அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வலது கால் எழும்பவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

இளம்பிள்ளை வாதம் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை கொண்டாந்து காலுக்குப் பயிற்சி குடுக்கோணும். ஆறு மாசம். பாதம் மடங்காம இருந்துச்சுன்னா இரும்புப் பூட்ஸுக்கு அளவெடுத்தர்றேன், நடந்துக்குவா. நடுவுல உட்டுட்டீன்னா அப்பறம் என்னக் கேக்காதே."

ஆக, தை மாதத்திலிருந்து ஆடி மாதம் வரை ஒரு செவ்வாய்கூடத் தவறக் கூடாது. வீட்டிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஒரு மைல் நடை. பஸ், பிறகு ரயில், இறங்கினால் மறுபடி நடை. கன்னையனுக்குப் பட்டறையில் வார நாளில் லீவு கிடையாது. ஒரு நாள் கூலி போனாலும் மருதாள் தனியாகத்தான் போக வேண்டும்.

இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கால் நன்றாக இருக்கிற குழந்தை தாயின் இடுப்பைத் தானே காலால் கவ்விக்கொள்ளும், தாய்க்குப் பாதி பாரம் தெரியாது. இவள் தொங்கினாள். ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் மருதாளுக்குக் கை மரத்துவிட்டது. ரயிலில் ஒருமுறை குழந்தை நழுவி எதிர்சீட்டுக்காரர் மடியில் விழுந்தாள்.

பஸ் ரோடு வரைக்குமாவது ஆகட்டும் என்று கன்னையன் சைக்கிளின் முன்னால் மாட்டும் பிரம்புச் சீட்டு ஒன்றை வாங்கி வந்தான். முதல் நாளே வலது கால் சக்கரக் கம்பிக்குள் போய்க் குதிகால் தோல் உரிந்தது. அவளுக்கு வலித்தது, காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

"ஒரு கவுத்துல காலச் சேத்துக் கட்டீட்டா?" என்றான் கன்னையன்.

"கட்டித் தூக்கீட்டுப் போறதுக்கு ஆட்டுக்குட்டியாங்க அது?"

சீட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டான். பழைய சேலையைத் தோளில் முடிந்து தூளி கட்டிப் பார்த்தாள் மருதாள். முடிச்சு கழுத்தை அறுத்தது. கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பழனியம்மாள் கேட்டாள், "மங்கலத்துக்காரிக்குத் துணிப் பஞ்சமா? உங்கப்பனூட்டுல ஒரு கெட்டித் துப்பட்டி கேட்டு வாங்கேன் புள்ளே."

"கெட்டித்துணி கழுத்த அறுக்குதுக்கா. இழுத்தா இழுபடவே மாட்டீங்குது."

பனியன் துணி இழுத்தால் இழுபடும். அதுவும் மிஷினிலிருந்து குழாயாகவே இறங்குவது. முடிச்சே வேண்டாம், மாலைபோலத் தோளில் மாட்டிக் குழந்தையை உள்ளே இறக்கினால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இந்த யோசனை வந்ததும் மேஸ்திரி சாமியப்பனிடம் ஒரு துண்டு கேட்டாள். நல்ல துணி கேட்கிற இடமில்லை அது. அவர் கழிவு மூட்டையைக் கிளறி எடுத்துப் போட்டார்.

"ஒரு சாணுக்கு ஊசி உட்டிருக்குது. எடுத்துக்க அம்மிணி. நீ தச்சா மொதலாளி கண்ணுக்கே தெரியாது, உம்புள்ளைக்கா தெரியப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். மருதாளும்தான். மத்தியானச் சோற்று நேரத்திலேயே அந்தக் கண்ணிகளைத் தூக்கி முடிந்துவிட்டாள். இப்படியும் அப்படியும் கையால் இழுத்துப் பார்த்தாள், நின்றது. பாரம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பனியனுக்கு யாரும் பாரம் வைத்துப் பார்ப்பதில்லை.

தூளி நன்றாகவே உழைத்தது. தெய்வா அதற்குள் தலையைச் சாய்த்துத் தூங்குவாள், விழித்தால் அம்மாவின் தாலிக்கயிற்றைச் சப்புவாள். மருதாளின் இரண்டு கையும் ஓய்வாக இருந்தன. பதினான்கு செவ்வாய் போனது தெரியவில்லை. டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பிடியே வந்தாப் போதும், ஆடியில அளவெடுத்தர்லாம்" என்றார். அன்று ஆஸ்பத்திரி வாசலில் குழந்தைக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்துத் தானும் இரண்டு சுளை தின்றாள்.

வைகாசியில் ஒரு செவ்வாய், திருப்பூர் ஸ்டேஷன். வண்டியில் ஏற ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தாள். முழங்கால் ஏறியபோது தூளி இழுபட்டது. கிழியும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் முடிந்திருந்த அந்த ஒற்றை இழை அறுந்து, கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே போயின. கை போவதற்குள் குழந்தை பிளாட்பாரக் கல்லில் கிடந்தாள். இடது கால், நல்ல கால், உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது.

"கட்டுக் கட்டறவரு ஒருத்தரு பக்கத்துலயே இருக்கறாரும்மா, ஜட்கா புடிச்சுப் போயிருங்க" என்றார் ஒரு போர்ட்டர். மருதாளுக்கு அந்த டாக்டரைத் தவிர வேறு யாரும் நினைவில் இல்லை. குழந்தையை வாரிக்கொண்டு அதே வண்டியில் ஏறினாள். கோயமுத்தூர் போய்ச் சேரும் வரை தெய்வா கத்தினாள். எதிரே இருந்தவர்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

"எப்பிடீங்க உழுந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நாந்தானுங்க போட்டுட்டேன்."

தொடையெலும்பு முறிந்திருந்தது. இடுப்பிலிருந்து மாவுக்கட்டு, எட்டு வாரம். கட்டுக்குள் வலது காலும் அகப்பட்டதால் பயிற்சி நின்றது. சேதி கிடைத்துச் சாயங்காலம் வந்து சேர்ந்த கன்னையன், கட்டிலடியில் கிடந்த துணியை எடுத்து விரித்துப் பார்த்தான்.

"எந்த எடத்துல உட்டுது?"

"நாந் தச்ச எடத்துல."

அவன் அதை மடித்து வைத்தான்.

வேலைக்குத் திரும்பியதும் மருதாள் மேஸ்திரியிடம், சாண் நீளத்துக்குக் கண்ணி விட்ட துணியை இனித் தைக்க வேண்டாம், வெட்டி எறிந்துவிடலாம் என்றாள். "பனியனுக்குள்ள யாரும் புள்ளையப் போட்டுத் தூக்கப் போறதில்ல அம்மிணி" என்றார் சாமியப்பன். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கும் ஊசி விட்ட துணி கட்டுக்கட்டாக வந்திருந்தது.

தெய்வாவின் மாவுக்கட்டைப் பிரித்தபோது வலது பாதம் உள்பக்கம் மடங்கிப் போயிருந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. "மொதல்ல இருந்து ஆரம்பி. ஆறு மாசம் பாக்கலாம். நிமிராட்டி ஆபரேசன்தான்."

சேதி மங்கலத்துக்குப் போய், அப்பன் நாச்சிமுத்து கெட்டித் துப்பட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கன்னையன் அதை இரட்டையாக விட்டத்தில் கட்டி, உள்ளே ஆட்டுக்கல்லை வைத்து ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டான். ஒரு நூல்கூட நகரவில்லை. ஆனால் செவ்வாயன்று அம்மா அதைத் தோளில் மாட்டியதும் தெய்வா நிலைக்கால் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அடுத்த வாரம் பிடித்து உள்ளே வைத்தார்கள். பஸ்ஸில் அழுது அழுது மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டது. பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தாள் மருதாள். துணி வேண்டாம் என்று வெறுங்கையால் தூக்கினாலும், அவள் நடக்க ஆரம்பித்ததும் குழந்தைக்கு உடம்பெல்லாம் விறைத்தது.

கன்னையனிடம் மட்டும் போனாள். அவன் தோள்மேல் உட்கார்ந்து, தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் அழுகை இல்லை. அவன் பட்டறையில் போய் நின்றான். செவ்வாய் லீவு, அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை வேலை, அதுவும் யாரும் நிற்க விரும்பாத பிளீச்சிங் தொட்டியில், என்று பேசி முடித்து வந்தான். மருதாளும் கூடவே போனாள். பயிற்சி எப்படிக் கொடுப்பது என்று ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகியிருந்தது அவள்தான்.

மாசியில் ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் பாதத்தை நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். "பாதிதான் நிமிர்ந்திருக்குது. இதுல பூட்ஸ் ஏறாது. அஞ்சு வயசாகட்டும், ஆபரேசன் பண்ணலாம். அதுவரைக்கும் இதே பயிற்சிய உடாதீங்க. இன்னும் மடங்குச்சுன்னா அதுவும் ஆகாது."

வெளியே வெயில் கொளுத்தியது. ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். கன்னையன் கழுத்து வேர்வையில் ஊறியிருந்தது.

"நாங் கொஞ்சம் வெச்சுக்கறனுங்க."

அவள் கையை நீட்டியதும் தெய்வா அப்பன் மயிரை இறுக்கிப் பிடித்தாள். அவன் முகம் சுளித்தது.

"வேண்டாம் புள்ளே. எனக்கொண்ணும் பாரமில்ல."

மருதாள் பக்கத்திலேயே நடந்தாள். அவன் மார்மேல் தொங்கிய வலது பாதத்தைக் கையில் பிடித்து, நடையை விடாமல், வெளிப்பக்கமாக அழுத்தி, பத்து எண்ணும் வரை பிடித்திருந்து விட்டாள். மறுபடி அழுத்தினாள்.